துண்டுக்குள் ஒரு விலை

அன்புள்ள இளங்கோவுக்கு,

துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆவணப்படம் எடுக்கப் போகிறாய் என உன் அப்பா சொன்னான். சென்னையை ஒட்டிய வள்ளூரில் வளர்ந்த உனக்கு இது வேறு உலகம்தான். காசிமேட்டில் மீன் ஏலம் தொண்டை கிழிய நடக்கும். விலை எல்லார் காதிலும் விழும். பொள்ளாச்சி, மணப்பாறை மாட்டுச் சந்தைகளிலோ பெரிய தொகைகள் சத்தமில்லாமல் முடிகின்றன. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போடுவார். உள்ளே எத்தனை விரல் பிடிபடுகிறது என்பதுதான் பேச்சு. நூறா, ஆயிரமா என்பது எதிரே நிற்கும் மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் விளங்கும். சுற்றி நிற்பவர்களுக்குத் தலையாட்டல் மட்டும்தான் மிச்சம்.

"இதை முதலில் கண்டுபிடித்தது யார்?" என்ற கேள்வியோடு படத்தைத் தொடங்காதே.

ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஹவாய்த் தீவுகளில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி அசைக்கும் 'ஷாக்கா' சைகை உண்டு. ஸ்டீவ் சூ அதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 2024-இல் ஹவாய் மாநிலம் சட்டம் போட்டு அதைத் தன் அதிகாரப்பூர்வச் சைகையாக்கியது. கஹுக்கு சர்க்கரை ஆலையில் விரல்களை இழந்த ஹமானா கலிலி கையசைத்ததிலிருந்து அது வந்தது என்பது பெருவழக்கான கதை. வேறு கதைகளும் அங்கே உலவுகின்றன. அழகான கதை கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடும் ஆசை எந்தப் படக்காரருக்கும் வரும். உனக்கும் வரும்.

உன் பொருளுக்கு எழுத்துச் சான்றுகள் இருக்கின்றன. 15-ஆம் நூற்றாண்டில் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்களோடு வந்த மா ஹுவான், கோழிக்கோட்டில் தரகர் முன்னிலையில் கைப்பிடித்து விலை உறுதி செய்வதையும், கை கால் விரல்களாலேயே பிழையின்றிக் கணக்குப் போடுவதையும் எழுதினார். 1510-இல் ரோமில் அச்சான தம் பயண நூலில் லுடோவிக்கோ டி வர்த்தேமா அதே கோழிக்கோட்டுத் தரகரைக் காட்டுகிறார். அவர் காட்டும் காட்சியில் கைமேல் துணி வந்துவிட்டது. விரல் கணுக்களைத் தொட்டே பேரம் நடக்கிறது.

பிரெஞ்சு ரத்தின வணிகர் தாவெர்னியே இன்னும் நுணுக்கமானவர். 1676-இல் பாரிசில் வெளியான அவர் நூலில் தக்காணத்து வைரச் சுரங்க வணிகர்கள் வருகிறார்கள். முழுக்கையைப் பிடித்தால் ஆயிரம், ஒரு விரல் நூறு, நடுக்கணு வரை ஐம்பது, நுனிக்கணு பத்து. இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் இன்றைய தரகர் ஒருவரிடம் காட்டு. அவர் கணக்கு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்பது உன் படத்தின் சிறந்த பத்து நிமிடமாக இருக்கும்.

ஆனால் கோழிக்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு நேர்கோடு போட்டுவிடாதே. பாரசீக வளைகுடா முத்து வணிகரும் துணிக்கடியில்தான் விலை பேசினார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்பதற்கு இந்தச் சான்றுகள் சாட்சி சொல்லவில்லை. தேவை என்ன என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கின்றன: கூட்டத்தின் நடுவே விலை வெளியே தெரியக்கூடாது. இந்த மாட்டின் விலை தெரிந்துவிட்டால் பக்கத்து மாட்டின் பேரம் கெடும்.

அதனால்தான் ஒரு கண்டிப்பு. நடக்கிற பேரத்தில் துண்டை விலக்கச் சொல்லாதே. ஒளித்துவைத்த கேமராவும் வேண்டாம். அந்த விலை அவர்கள் இருவருடையது. தொழிலை விட்ட மூத்த தரகர்களைத் தேடிப் போய், சந்தைக்கு வெளியே, அவர்கள் சம்மதத்தோடு செய்துகாட்டச் சொல். விரல் கணக்கு மட்டுமல்ல, பேரம் முறிந்தால் கையை எப்படி விடுவிப்பார்கள், எந்த இடத்தில் அச்சாரம் கொடுப்பார்கள் என்பதையும் கேள்.

அத்திப்பட்டில் மின்சார ரயில் பிடித்து, முதலில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போ. வர்த்தேமாவுக்கு 1863-இலும், தாவெர்னியேவுக்கு 1889-இலும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்திருக்கின்றன, கேட்டுப் பார். பிறகு பொள்ளாச்சி. செவ்வாயும் வியாழனும் சந்தை கூடும். முதல் சில வாரம் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்துப் பழகு. எடுத்ததைத் தரகர்களுக்குப் போட்டுக் காட்டிய பிறகே வெட்டி ஒட்டு. செலவுக்கு முடை வந்தால் தயங்காமல் எழுது.

அன்புடன்,
பெரியப்பா