சப் டீக் ஹை, சாப்!

பனிமூட்டம் விலகி டெல்லியில் ஒருநாள் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், எங்கள் ஆர்.கே.புரம் குடியிருப்பில் நாற்காலிகளெல்லாம் பூங்காவுக்கு இறங்கிவிடும். அப்படி ஒரு ஜனவரி மதியம், நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்த பக்கத்து வீட்டு ஹவில்தார் அண்ணனை, டீ ஆறிப்போகிறதே என்று தோளைத் தொட்டு எழுப்பினேன். என் மணிக்கட்டு அவர் பிடிக்குள் போனதும் தெரியவில்லை, டீ புல்லில் கொட்டியதும் தெரியவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை என்மேல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடி தளர்ந்தது.

"தொடாதப்பா. தள்ளி நின்னு குரல் குடு," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று குரல் கொடுத்துத்தான் எழுப்புவதாக அண்ணி பிறகு சொன்னார்.

அண்ணன் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி 'ராணுவப்பேட்டை' என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை அவருக்குத் தாய்மாமன் ஊர். மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 1987இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனபோது வயது 22. ஓய்வுக்குப் பிறகு மகன் வேலை பார்க்கும் டெல்லிக்கே வந்து, இரவுக் காவலர் ஆனார். "தூக்கம் வராதவனுக்கு நைட் டியூட்டிதான் லாயக்கு" என்று சிரிப்பார். அதில் சிரிக்க எதுவுமில்லை என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

நான் மருத்துவன் அல்ல, அமைச்சகத்தில் கோப்பு பார்க்கிறவன். அவரோடு ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் உட்கார்ந்து கற்றதைத்தான் சொல்கிறேன். அதில் பாதி என் தவறுகள் கற்றுக்கொடுத்தது.

முதல் தவறு, 'மனநல டாக்டர்' என்று ஆரம்பித்தது. ராணுவத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். முதல் எழுத்தே மனநிலைக்கு உரியது. அதில் தரம் இறங்கினால் பதவி உயர்வு போய்விடும் என்று பயந்து, பணிக்காலம் முழுக்க வாயைத் திறக்காதவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் பென்ஷனில் கை வைப்பார்களோ என்ற பயம் போகவில்லை. சிகிச்சைக்குப் போனால் பென்ஷன் குறையாது என்று எத்தனை சொல்லியும் எடுபடவில்லை. "தூக்கத்துக்கு ஒரு மருந்து கேட்டுப் பார்க்கலாமா அண்ணே?" என்றதும் செருப்பை மாட்டினார். அவர் குடிக்கும் ரம்மைப் பற்றிச் சண்டை போடுவதும் வீண். குடி ஏன் என்று கேட்டால் கோபம் வரும், தூக்கம் எப்படி என்று கேட்டால் பேச்சு வரும்.

முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.ஹெச்.எஸ். திட்டம் 2003இல் வந்தது. கார்டோடு பாலிகிளினிக் போய், ரெஃபரல் வாங்கி, நிபுணரைப் பார்க்கலாம். போனோம். டாக்டர் இந்தியில் கேட்டார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, "சப் டீக் ஹை, சாப்" என்றார். எல்லாம் நலம். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அடுத்த முறை அண்ணியிடம் கேட்டு ஒரு தாள் எழுதிக்கொண்டு போனேன். எத்தனை மணி நேரம் தூங்குகிறார், இரவில் எத்தனை முறை தாழ்ப்பாளைப் பார்க்கிறார், எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார், எத்தனை பெக் என்று எல்லாம் அதில் இருந்தது. டாக்டர் அதைப் படித்த பிறகுதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். இப்படிப்பட்டவரோடு போகிறவர்கள் இந்தத் தாளை மறக்க வேண்டாம்.

இரண்டாம் தவறு பெரியது. 'மனசுவிட்டுப் பேசினால் பாரம் குறையும்' என்று எங்கோ கேட்டதை நம்பி, ஒரு மாலை, அங்கே என்னதான் நடந்தது என்று நச்சரித்தேன். எழுந்து போனவர் மூன்று வாரம் என் பக்கம் திரும்பவில்லை. காயத்தைத் திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை. கேட்காமல் கூட இருப்பதுதான் நம் வேலை.

பின்னாளில் அவராகவே ஒன்று சொன்னார். வீடு வீடாகச் சோதனை போடும்போது, தமிழ் தெரிந்தவர் என்று இவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். "மத்தவங்களுக்கு அங்க கேட்டது வெறும் அழுகைச் சத்தம். எனக்கு மட்டும் வார்த்தை," என்றார். ஒரு கிழவி இவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டிருக்கிறாள். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உயிர்பயத்தால் வரும் காயம் வேறு, மனசாட்சியில் விழும் காயம் வேறு. வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜோனதன் ஷே 1994இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அண்ணனுடையது பெரும்பாலும் இரண்டாவது வகை. 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊர் திரும்பிய 25 வயதுப் பையனுக்கு, நடந்ததைச் சொல்ல ஒரு வாசல்கூட இல்லாமல் போனதும் உண்மை.

தமிழில் விழுந்த காயத்தை இந்தியில் எப்படி ஆற்றுவது? மாத்திரையை டெல்லி டாக்டர் தந்தார். அது வேலை செய்யவே சில வாரம் ஆகும். 'ஒன்றும் ஆகவில்லை' என்று பாதியில் நிறுத்தவிடக் கூடாது. பேச்சு சிகிச்சைக்கு ஊரில் ஒரு தமிழ் உளவியலாளரைப் பிடித்து, வாரம் ஒருநாள் வீடியோவில் பேச வைத்தோம். மாற்றம் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

துப்பாக்கி பற்றியும் சொல்லவேண்டும். காவல் வேலைக்குப் போகும் பல முன்னாள் வீரர்களைப் போல அவரிடமும் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் இருந்தது. ஒரு கெட்ட வாரத்தில், "சாகணும்னு தோணுதா அண்ணே?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் எண்ணம் முளைத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் நாங்கள் இருவரும் போய்த் துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினோம்.

தீபாவளி இன்னும் கஷ்டம்தான். பட்டாசுத் தடை உத்தரவு எதுவானாலும் டெல்லி வெடிக்கத்தான் செய்யும். முதல் வருடம் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பினோம். ஓடிக்கொண்டே இருந்தால் பயம் வளரும் என்றார் உளவியலாளர். இப்போது எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று பக்கத்துப் பிள்ளைகளே முன்கூட்டி வந்து சொல்லிவிடுகிறார்கள். எதிர்பாராத வெடிதான் அவரை உலுக்கும்.

2019இல் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகம் திறந்தபோது கூட்டிப் போகத் துடித்தேன். அண்ணி தடுத்தார். அவராகக் கேட்க மூன்று வருடம் ஆனது. ஒரு வாரநாள் காலை, கருங்கல்லில் பொன்னெழுத்துகளில் தன் செக்‌ஷன்காரர் ஒருவர் பெயரைக் கண்டுபிடித்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். திரும்பும் வழியில் பசிக்கிறது என்றார். மலை மந்திர் பக்கம் இட்லி சாப்பிட்டோம்.

இப்போது தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்குகிறார். இரவு வேலையை விட்டாயிற்று. உங்கள் தெரு ஏ.டி.எம். வாசலிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவர் வீட்டாரிடம் 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ். இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.