அணை மட்டத்தைப் பார்க்காதீர்கள், திறப்பைப் பாருங்கள்

காவிரியில் குளிக்கப் போகிறவர்கள் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அது போதாது. முழு மட்டமான 120 அடியை எட்டியபின் அணைக்கு வருகிற நீர் அப்படியே வெளியேற்றப்படும். மட்டம் 120-லேயே நிற்க, 16 கண் மதகு வழியாகப் பாயும் உபரிநீர் பல மடங்கு கூடலாம். 2024 ஆடியில் அணை நிரம்பியபோது திறப்பு விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். ஆகவே செய்தியில் தேட வேண்டியது ‘நீர்வரத்து’, ‘வெளியேற்றம்’ என்ற இரண்டு எண்களை. நேற்றையதைவிட அவை ஏறியிருந்தால் துறையில் இறங்க வேண்டாம்.

“இங்கே மழையே இல்லையே” என்பார்கள். ஆனால் மேட்டூருக்கு மேலே உள்ள கர்நாடக அணைகளான கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்புவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையால். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். “பிறந்ததிலிருந்து பழகிய ஆறு” என்பதிலும் நியாயம் உண்டு. சுழலும் மடுவும் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஆனால் மதகு திறக்கும் நேரம் ஆற்றைப் பார்த்தால் தெரியாது, அறிவிப்பைக் கேட்டால்தான் தெரியும். நீர் கலங்கினாலோ, செத்தை மிதந்தாலோ, நின்ற படி மூழ்கினாலோ துணியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். நடு ஆற்று மணல்திட்டில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். முதலில் துண்டிக்கப்படுவது அதுதான்.