உறுமலுக்கு மேலே வயலின்

கேள்வி: காதைப் பிளக்கும் மெட்டல் இசையோடு செவ்வியல் இசை எப்படிச் சேரும்? தமிழர் எவரேனும் இதில் ஈடுபட்டிருக்கிறார்களா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் ‘டிஸ்டார்ஷன்’ ஏற்றிய மின்கிதாரும், அடித்தொண்டை உறுமலும், இரு கால்களாலும் மிதித்து ஒலிக்கச் செய்யும் பேஸ் டிரம்மின் ஓயாத ஓட்டமும் கூடியதே எக்ஸ்ட்ரீம் மெட்டல். அதனோடு ஆர்க்கெஸ்ட்ராவை, அதாவது வயலின், பித்தளைக் குழல், கொட்டு முதலிய கருவிகளின் பெருங்குழுவை, இணைத்த இசைக்குழுக்களுள் கிரேக்கத்தின் செப்டிக்ஃபிளெஷ் குறிப்பிடத்தக்கது. 2008-இல் வெளிவந்த அதன் ‘கம்யூனியன்’ தொகுப்பில் பிராகு நகர ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது. அந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கான இசையை எழுதிய, செப்டிக்ஃபிளெஷின் கிதார் கலைஞர் கிறிஸ்டோஸ் அன்டோனியு இசையமைப்பை முறையாகப் பயின்றவர்.

இதில் உண்மையான சிக்கல் இடநெருக்கடியே. டிஸ்டார்ஷன் கிதார் நடு ஸ்தாயியை அடைத்துக்கொள்வதால் செல்லோ போன்றவை அதனடியில் புதைந்துவிடுகின்றன. ஆகவே வயலினை மேல் ஸ்தாயிக்கு ஏற்றவோ, கிதாரைச் சற்று நிறுத்தி வழிவிடவோ வேண்டியிருக்கிறது. சிதம்பரம் தேரோட்டத்தில் தவில் எவ்வளவு முழங்கினாலும் நாகசுரம் அதற்கு மேலே தனித்துக் கேட்பதை இதற்கு ஒப்பிடலாம்.

தமிழ்ப் பெயர் தேடினால், 1992-இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘ருத்ரா’ கிடைக்கிறது. பாடகரும் பேஸ் கிதார் கலைஞருமான கதிர் முன்னின்று நடத்தும் இக்குழு ஆர்க்கெஸ்ட்ராவை நாடாமல், வடமொழி மந்திர ஓதலையும் இந்திய இசைச் சாயலையும் எக்ஸ்ட்ரீம் மெட்டலின் ஒரு வகையான டெத் மெட்டலோடு பிணைத்து, 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்னும் மூன்று தொகுப்புகளை வெளியிட்டது. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் அமைந்தவை. தேவாரம் ஒலிக்கும் தில்லை என்னும் சிதம்பரத்தின் பக்கத்தாருக்கு, தமிழுக்கு இடம் குறைந்தது சிறு குறையாகவே படும்.