நெடுந்தொலைவு விமானப் பயணம்: நேரத்தைக் கணக்கிடும் முறை

மகளின் பிரசவத்திற்காகவும் பேரப்பிள்ளைகளைக் காணவும் வெளிநாடு செல்லும் முதியவர்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பலர். “இவ்வளவு தூரம் போகலாமா?” என்று அவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. உடலுக்குத் தொலைவைவிடப் பயண நேரமே முக்கியம். லண்டன் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறோம்.

பயணச்சீட்டில் தெரியாத நேரம்

சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ வான்வழியே ஏறத்தாழ 8,200 கி.மீ. நேரடி விமானம் செல்வதற்குச் சுமார் 10 முதல் 11 மணி நேரம் ஆகும். பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே குறிக்கப்படும். லண்டன் நேரம் கோடையில் நம்மைவிட நாலரை மணியும், குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் பின்தங்கியது. கோடையில் காலை 6 மணிக்குப் புறப்பட்டு நண்பகல் 12 மணிக்குச் சேரும் விமானம் ஆறு மணி நேரம் பறப்பதாகத் தோன்றும். உண்மையில் பத்தரை மணி நேரம் பறக்கிறது.

இத்துடன் ஆவடியிலிருந்து மீனம்பாக்கம் வரை ஒன்றரை மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, இறங்கிய பின் குடியேற்றச் சோதனைக்கும் மகள் வீடு சேரவும் இரண்டு மணி எனக் கொண்டால், மொத்தம் 17 மணி நேரம். மருந்து வேளைகளை இந்தக் கணக்கின்படியே வகுக்க வேண்டும்.

கால்களில் இரத்த உறைவு

நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால், கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் தெரிவித்தது. நலமாக உள்ளவர்களில் இது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கே நேரும். முன்பே இரத்த உறைவு கண்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

சக்கர நாற்காலி உதவி பெறும் முதியவர், வீட்டு வாசலில் காரில் ஏறியது முதலே அமர்ந்திருக்கிறார் என்பதை உடன் செல்வோர் மறக்கலாகாது. இயன்றவர்கள் மணிக்கொருமுறை எழுந்து நடக்கவேண்டும்; இயலாதவர்கள் இருக்கையிலேயே கணுக்கால்களை மேலும் கீழும் அசைக்கவேண்டும். ஆஸ்பிரினையோ அழுத்தக் காலுறையையோ தாமாகத் தொடங்கவேண்டாம்.

இன்சுலினும் மூச்சும்

மேற்கே செல்லும்போது நாள் நீளும், திரும்பும்போது குறையும். ஆகவே இன்சுலின் அளவை இரு வழிகளுக்கும் மருத்துவரிடம் தனித்தனியே எழுதி வாங்குங்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். சரக்குப் பகுதியின் குளிரில் அது உறைந்து பயனற்றுப் போகலாம்.

விமானத்தினுள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதை ஒத்தது; உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். சிறிது நடந்தாலே மூச்சு வாங்கும் இதய, நுரையீரல் நோயாளிகள் மருத்துவரைக் கேட்டபின்னரே பயணச்சீட்டு எடுப்பது நன்று.

உடனே கவனிக்க வேண்டியவை

பயணத்தின்போதோ, முடிந்து சில வாரங்களுக்குள்ளோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் இங்கே 108, லண்டனில் 999 எண்ணை உடனே அழையுங்கள்.

புறப்படுவதற்கு மூன்று வாரங்கள் முன்னதாகப் பயணச்சீட்டையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். வேளைகளை உங்களுடன் அமர்ந்து எழுதித் தருகிறோம்.