ஏரியை மீட்ட நகரம்

இயற்கை அளித்த செல்வத்தை நுகர்தல் எளிது. அதனைக் காத்தல் அரிது. இழந்தபின் மீட்டல் அதனினும் அரிது. அவ்வரிய செயலை மேற்கொண்டு புகழ் பெற்ற நகரங்களுள் ஒன்று பின்லாந்து நாட்டிலுள்ள லஹ்தி ஆகும்.

ஐரோப்பாவின் வடபால் அமைந்த பின்லாந்தில் சிறியனவும் பெரியனவுமாக ஏறக்குறைய 1,88,000 ஏரிகள் உள்ளன. தலைநகராகிய ஹெல்சிங்கிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், வெசியார்வி என்னும் ஏரியின் தென்கரையில் லஹ்தி விளங்குகின்றது. பின்னிய மொழியில் ‘லஹ்தி’ என்பதற்கு வளைகுடா என்பது பொருள். முன்னர்ச் சிற்றூராயிருந்த இவ்விடத்திற்கு 1870 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. மரம் அறுக்கும் ஆலைகளும் பிற தொழில்களும் பெருகின. 1905 ஆம் ஆண்டில் இவ்வூர் நகரமாயிற்று.

நகரையொட்டிச் சல்பவுசெல்கா என்னும் நெடுமேடு செல்கின்றது. ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன், நிலத்தை மூடியிருந்த பெரும்பனிப் பாளம் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற மணலும் பரலும் குவிந்து உண்டானதே இம்மேடு. இதன் சரிவில் 1923 ஆம் ஆண்டில் லவுரி பிஹ்கலா என்பார் பனிச்சறுக்கு விழாவைத் தொடங்கி வைத்தார். வீரர் உயர்ந்த தளத்தினின்றும் சறுக்கி வந்து, பறவைபோல் வானிற் பாய்ந்து, நெடுந்தொலைவில் இறங்கும் காட்சி காண்பாரை வியப்பில் ஆழ்த்தும். 1926 முதல் 2017 வரை ஏழு முறை உலகப் பனிச்சறுக்குப் போட்டிகள் இங்கு நிகழ்ந்தன.

இத்தகைய நகருக்கு அழகு தந்த ஏரியே ஒரு காலத்தில் நகரால் அழிவெய்தியது. வீடுகளிலும் ஆலைகளிலும் இருந்து வந்த கழிவுநீர் பல்லாண்டுகள் அதிற் கலந்தது. கழிவிலுள்ள பாஸ்பரஸ் பாசிக்கு உரமாயிற்று. கோடைதோறும் நீர் பசுமை பூத்து நாறியது. 1976 ஆம் ஆண்டில் கழிவுநீர் ஏரியிற் கலவாவண்ணம் வேறு வழியே திருப்பப்பட்டது. ஆயினும் நோய் முற்றும் நீங்கவில்லை. பாசி மீண்டும் தழைத்தது.

அறிஞர்கள் காரணத்தை ஆராய்ந்தனர். பாசியைத் தின்பவை நீரில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றைத் தின்னும் சிறுமீன்களோ ஏரியில் அளவின்றிப் பெருகியிருந்தன. உண்பார் குறையவே பாசி வளர்ந்தது. இதனை உணர்ந்தோர் 1989 முதல் 1993 வரை பத்து இலட்சம் கிலோகிராமுக்கு மேற்பட்ட மீன்களை வலையிட்டு அகற்றினர். சிறுமீன்களை இரையாகக் கொள்ளும் பெருமீன்களை ஏரியில் விட்டனர். நீர் தெளியத் தொடங்கியது. அத்துடன் பணி முடிந்துவிடவில்லை. ஏரியைக் கண்காணித்துப் பேணும் முயற்சி அதன் பின்னரும் தொடர்ந்தது.

இன்று அவ்வேரிக்கரையில் இசைமண்டபம் ஒன்று நிற்கின்றது. பின்லாந்தின் இசைப்பேரறிஞர் சிபேலியஸ் பெயர் தாங்கிய அம்மண்டபம் பழைய மரவேலைத் தொழிற்சாலையோடு இணைத்து மரத்தாற் கட்டப்பெற்று, 2000 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சிபேலியஸ் இந்நகரிற் பிறந்தவரல்லர். எனினும் அவர்தம் இசையை உலகெங்கும் பரப்பிய பெருமை லஹ்தி நகர் இசைக்குழுவினர்க்கு உண்டு.

2019 ஆம் ஆண்டில் இந்நகரம் நிலக்கரி எரிப்பதைக் கைவிட்டது. 2021 ஆம் ஆண்டிற்குரிய ஐரோப்பியப் பசுமைத் தலைநகராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றது. நாற்றமெடுத்த ஏரியைக் கண்டு நாணிய நகரம் இச்சிறப்பை எய்தியது எங்ஙனம்? தன் பிழையை மறையாது ஏற்று, அதன் காரணத்தை அறிவால் ஆராய்ந்து, சோர்வின்றி உழைத்தமையாலன்றோ! பிழை செய்தல் மக்கட்கு இயல்பு. அதனைத் திருத்தும் உறுதியே ஓர் ஊரைச் சான்றோர் வாழும் ஊராக்கும்.