சொட்டை எண்ணும் கண்ணும் ஓடிவரும் கையும்

வேதபகுதி: 1 கொரிந்தியர் 12:14-26



சலைன் சொட்டுகளை எண்ணும் கருவி வாங்கக் காணிக்கை அனுப்பலாமா, அது வந்தால் இரவு நேர நர்ஸ்களைக் குறைத்துக்கொள்ளலாம் அல்லவா என்று ஆதரவாளர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். பதில் சொல்லுமுன் அந்தக் கருவி என்ன செய்கிறதென்று பார்ப்போம்.

டிரிப்ஸ் ஏற்றும்போது பாட்டிலுக்குக் கீழே ஒரு சிறு பிளாஸ்டிக் கூட்டில் மருந்து சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கான சாதாரண செட்டில் ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. அரை லிட்டர் சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு விழவேண்டும். நர்ஸ் சகோதரி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, குழாயின் திருகுச் சக்கரத்தைச் சரிசெய்து வைப்பார். நோயாளி கையை மடக்கினாலும், படுக்கையைவிட்டு எழுந்து உட்கார்ந்தாலும் அந்தக் கணக்கு மாறிவிடும். வயிற்றுப்போக்கில் வாடிய பிள்ளைக்கு நீர் குறைந்தால் ஆபத்து. மிதமிஞ்சி ஏறினாலோ நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு திணறும். பிரசவ வலிக்கென்று மருந்து கலந்த டிரிப்ஸ் என்றால் தாய், சேய் இருவருடைய ஜீவனும் அந்தச் சொட்டுகளில் தொங்குகிறது.

சொட்டு விழும் கூட்டின் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் சிறு விளக்கு, எதிர்ப்பக்கத்தில் அந்த ஒளியை உணரும் சென்சார். சொட்டு விழும்போதெல்லாம் ஒளி ஒரு கணம் தடைபடும். கருவி அதை எண்ணும். சொட்டு நின்றாலோ, அளவு தப்பினாலோ மணி அடிக்கும். இதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

ஆனால் அந்தக் கண் சொட்டை மட்டுமே காணும். ஊசி நரம்பைவிட்டு விலகி மருந்து சதைக்குள் இறங்கி, கை வீங்கிக்கொண்டிருந்தாலும் சொட்டுகள் விழலாம், கருவி பேசாமலிருக்கும். போர்வையை விலக்கி, கையைத் தொட்டுப் பார்க்கிறவருக்குத்தான் அது தெரியும்.

நம் கொல்லிமலையில் மிஷனெரிகளான ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் தம்பதியருக்கு 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தகப்பனார் 1929-ல் இம்மலையிலேயே காய்ச்சலால் மரித்தார். மகன் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் ஒரு பரிசோதனை செய்தார். வலி உணர்வற்ற நோயாளிகளின் கையுறைகளில் அழுத்தத்தை அறியும் சென்சார்களைப் பொருத்தினார். அழுத்தம் மிஞ்சினால் காதில் ஓசை கேட்கும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. உணர்வுள்ள அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். கடினமான வேலை வந்தபோது கருவியை அணைத்துவிட்டு, வேலை முடிந்தபின் மறுபடியும் போட்டுக்கொண்டவர்கள் உண்டு! கடைசியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அவர் கண்ட குறை சென்சாரில் மட்டுமல்ல. எச்சரிப்பு தன் சரீரத்தினுடையது என்று நோயாளிக்குத் தோன்றவில்லை.

மேலே குறித்த வேதபகுதியில் பவுல் அப்போஸ்தலன் கண்ணையும் கையையும் சேர்த்தே பேசுகிறார். வார்டில் மணி அடிக்கும்போது எழுந்து ஓட ஒரு ஆள் வேண்டும். நாற்பது படுக்கைக்கு ஒரே சகோதரி என்றால், அடிக்கிற மணிகள் அவரைக் களைப்படையச் செய்யும். நாளடைவில் காது பழகிவிடும். எனவே நர்ஸைக் குறைப்பதற்காகக் கருவி வேண்டாம் என்பதே என் பதில். அவருக்குத் துணையாக வருமானால் மிகுந்த சந்தோஷம்.

மலைக்கென்று சில காரியங்களும் உண்டு. காரவள்ளி அடிவாரத்துக்கும் மேலே உள்ள ஊர்களுக்கும் நடுவே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆம்புலன்ஸ் குலுங்கி, சொட்டுக் கூடு சாய்ந்து ஆடும்போது இந்தக் கண் தவறாக எண்ணக்கூடும். அங்கே கூட உட்கார்ந்து வருகிறவரின் கண்தான் வேண்டும். மின்சாரம் தடைப்பட்டாலும் ஓடக்கூடிய பேட்டரி அவசியம். சில பம்புகள் தங்களுக்கென்று செய்த குழாய் செட்டை மாத்திரமே ஏற்கும். அது தீர்ந்தால் பம்பு அலமாரியில் தூங்கும். ஆகவே கருவிக்கென்று காணிக்கை அனுப்ப விரும்புகிறவர்கள், அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்கும் குழாய் செட்டுக்கும், ஒரு பங்கை இரவு நர்ஸ் சம்பளத்துக்கும் பயன்படுத்தலாம் என்று சீட்டில் எழுதி அனுப்பும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறேன்.