விடுதியில் சில நாட்கள்: பிள்ளைகளோடு தங்கும் முஸாபிருக்கு

கோடை விடுமுறை வந்து விட்டால் நம் காரைக்கால் வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கி விடுகிறது. முன்பெல்லாம் பிள்ளைகளோடு வெளியூரில் தங்குவதென்றால் உறவினர் வீடு. இல்லையேல் கந்தூரிக் காலத்தில் நாகூரில் வாடகைக்கு எடுத்த வீடு. இப்பொழுது பிரான்சு, சிங்கப்பூர், மலேசியா நாடுகளிலிருந்து விடுப்பில் வரும் நம்மவர்கள், பிள்ளைகளின் ஆசைக்காகச் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள பெரிய கடற்கரை விடுதிகளில் சில நாட்கள் தங்குகின்றனர். கோவளத்தில் பழைய கோட்டை இருந்த இடத்தில் 1974-ல் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி திறக்கப்பட்ட பின், அக்கரையில் இத்தகைய விடுதிகள் பல தோன்றியுள்ளன.

ஹலாலான பொருளைக் கொண்டு, கடன்படாமல், பெருமைக்காக அன்றிக் குடும்பத்தாரை மகிழ்விப்பதற்காக இவ்வாறு தங்குவது ஆகுமானதே. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஊரில் பாங்கோசை காதில் விழுகிறது. பள்ளிவாசலில் நம்மைக் காணாவிட்டால் நாலு பேர் கேட்கிறார்கள். விடுதியில் கேட்பார் இல்லை. அங்கே வாப்பா தொழுகிறாரா, உம்மா பேணுதலாக இருக்கிறாரா என்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். தொழுகை அல்லாஹ்வுக்காகவா, ஊராருக்காகவா என்ற கேள்விக்கு அவர்கள் அங்கேதான் விடை பெறுகிறார்கள். மதரஸாவில் ஓராண்டு ஓதிய பாடத்தை இந்த நாலு நாள் உறுதிப்படுத்தவும் கூடும். அழித்து விடவும் கூடும்.

தொழுகை

பிரயாணியின் மீது அல்லாஹ் பாரம் சுமத்தவில்லை, சலுகை தந்திருக்கிறான். ஷாபியீ, ஹனபி மத்ஹபுகளில் பிரயாணத் தூரத்தின் கணக்கு சிறிது வேறுபட்டாலும், இரண்டுமே ஏறத்தாழ 80 கிலோமீட்டரை ஒட்டியவை. ஆகவே காரைக்காலிலிருந்து நாகூர் அல்லது தரங்கம்பாடி சென்று தங்குவோர் கஸ்ரு செய்ய முடியாது. 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோவளம் செல்வோர் ஊர் எல்லையைக் கடந்தது முதல் லுஹர், அஸர், இஷாவை இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழலாம். ஸுப்ஹுக்கும் மஃரிபுக்கும் சுருக்கம் இல்லை.

தங்கும் நாட்களின் கணக்கையும் அறிந்து கொள்ள வேண்டும். ஷாபியீ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நாடினால் பிரயாணச் சலுகை முடிந்து விடும். திங்கட்கிழமை சேர்ந்து வெள்ளிக்கிழமை புறப்படுவதாக நாடியவர் இடையில் மூன்று நாட்களே தங்குகிறார். அவர் கஸ்ரு செய்யலாம். சனிக்கிழமை புறப்பட நாடியவர் போய்ச் சேர்ந்தது முதலே முழுமையாகத் தொழ வேண்டும். ஹனபி மத்ஹபில் இந்த அளவு பதினைந்து நாட்கள். அங்கே பிரயாணி கஸ்ரு செய்வது வாஜிபாகும். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் ஜம்உச் சலுகை ஷாபியீகளுக்கு உண்டு, ஹனபிகளுக்கு இல்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும் பிரயாணி, இரு மத்ஹபின்படியும் நான்கு ரக்அத்தையும் நிறைவேற்ற வேண்டும்.

கிப்லாவைக் கண்டறியும் பொறுப்பைப் பெரிய பிள்ளையிடம் ஒப்படையுங்கள். நம் கடற்கரையில் கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. மே மாத நடுவில் சூரியன் மறையும் இடமும் ஏறத்தாழ அத்திசையே. மே 28-ம் நாள் நம் நேரம் பிற்பகல் 2 மணி 48 நிமிடத்தில் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். அந்நேரம் வெயிலில் ஒரு குச்சியை நட்டு, நிழல் விழும் திசைக்கு எதிர்த்திசையை நோக்கினால் அதுவே கிப்லா. இதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை ஆயுளுக்கும் மறவாது.

கைக்குழந்தை அழுகிறது என்று தாய்மார் தொழுகையைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுததாகவும், ஸஜ்தாவில் இறக்கி விட்டு எழும்போது மீண்டும் தூக்கிக் கொண்டதாகவும் ஹதீஸ் உண்டு. ஆனால் நஜீஸான அரைத்துணியோடு குழந்தையைச் சுமந்தால் தொழுகை கூடாது. முதலில் துணியை மாற்றிச் சுத்தம் செய்து விடுங்கள்.

சுத்தம்

இந்தப் படுக்கையில் முன்பு யார் படுத்தார்களோ, இந்த விரிப்பில் என்ன பட்டதோ என்று சிலர் வஸ்வாஸ் கொள்கின்றனர். எப்பொருளும் அசலில் சுத்தமானதே. சந்தேகத்தைக் கொண்டு அதை நஜீஸ் என்று சொல்ல முடியாது. மனம் கேளாதவர் ஒரு முஸல்லாவைக் கொண்டு செல்லட்டும். இரவில் படுக்கையை நனைக்கும் பிள்ளைக்கு ஒரு ரப்பர் விரிப்பை எடுத்துச் செல்லுங்கள். அப்படியும் நனைந்து விட்டால் மூடி மறைத்து விட்டு வராமல், பணியாளரிடம் சொல்லி விடுங்கள். அடுத்து அதில் படுப்பவருக்கு நாம் செய்யும் நீதி இது. பால் மட்டுமே அருந்தும், இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் ஈரத்தைப் போக்கி, இடம் முழுவதும் படும்படி நீர் தெளித்தால் ஷாபியீ மத்ஹபில் போதும். மற்றவற்றைக் கழுவியே ஆக வேண்டும்.

ஒரே அறை

விடுதியில் தங்குவோர் மிக அதிகமாக அலட்சியம் செய்வது இதைத்தான். வீட்டில் தனித்தனி அறைகள் உண்டு. விடுதியில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே அறையில், பல வேளைகளில் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள். ஸுப்ஹுக்கு முன்பும், உடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி பெற்றே பெற்றோரிடம் வர வேண்டும் என்று குர்ஆன் (24:58) கற்பிக்கிறது. ஏழு வயதில் தொழுகையை ஏவும்படியும், பத்து வயதில் படுக்கைகளைப் பிரித்து விடும்படியும் நபியவர்கள் பணித்துள்ளார்கள். பயணத்தால் இக்கட்டளைகள் நீங்குவதில்லை.

ஆகையால் பத்து வயதை எட்டிய பிள்ளைகள் இருந்தால், வசதியுள்ளவர் இடையில் கதவுள்ள இரு அறைகளைக் கேட்டு வாங்கட்டும். இயலாதவர் தனிப் படுக்கை கேட்டு, ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் தனித்தனியே படுக்க வைக்கட்டும். உடை மாற்றுவது குளியலறைக்குள் நடக்கட்டும். கதவைத் தட்டி விட்டு வரும் பழக்கம் அங்கும் தொடரட்டும். பிள்ளை உறங்கி விட்டது என்று எண்ணிப் பெற்றோர் பேணுதலைக் கைவிடலாகாது. அறையின் குளிர்பெட்டியில் மதுப் புட்டிகள் இருந்தால், பிள்ளைகளை உள்ளே விடுமுன் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

வயதைக் குறைத்துச் சொல்வது

குறிப்பிட்ட வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்ற விதி பல விடுதிகளில் உண்டு. அதற்காகப் பிள்ளையின் வயதை ஓரிரண்டு குறைத்துச் சொல்வோர் நம்மிலும் இருக்கின்றனர். அதுவும் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக் கொண்டே! பிள்ளையை அழைப்பதற்காக ஏதோ தருவதாகச் சொன்ன ஒரு தாயிடம், என்ன தரப் போகிறாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். ஒன்றும் தராதிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஒரு பழத்துக்கே இந்த எச்சரிக்கை என்றால், பிறர் பொருளைச் சேமித்துக் கொள்ளச் சொல்லும் பொய்யின் நிலை என்ன?

சோப்பு, தேயிலை போன்றவை விருந்தினர் உபயோகித்துத் தீர்ப்பதற்காக வைக்கப்படுபவை. துவாலையும் கரண்டியும் அமானிதம். அவற்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவது ஹராம். பிள்ளை எதையாவது உடைத்து விட்டால், பிள்ளையின் மீது பாவம் இல்லை. ஆனால் நஷ்டஈடு தள்ளுபடியாவதில்லை. நாமே சென்று சொல்லிக் கொடுத்து விடுவோம்.

உணவு

வரிசையாக வைத்த உணவில் இறைச்சி ஹலாலானதா, குழம்பிலோ இனிப்பிலோ மதுவும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்துள்ளனவா என்று சமையற்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். தெளிவு கிடைக்காவிட்டால் மீனும் மரக்கறியும் இருக்கின்றன. வேண்டியதை எடுக்கலாம் என்றவுடன் பிள்ளைகள் தட்டை நிரப்பி விட்டுப் பாதியை மீதி வைப்பார்கள். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண் விரயம் செய்யாதீர்கள் என்ற இறைக்கட்டளையை (7:31) அவர்களுக்குப் பழக்க அந்த மேசையை விடச் சிறந்த இடம் ஏது? கொஞ்சமாக எடுத்து, மறுபடி எழுந்து செல்லச் சொல்லுங்கள்.

நீரும் இரவும்

நீந்தக் கற்பது நல்லது. ஆனால் ஆணும் பெண்ணும் அரைகுறை உடையில் கலந்து குளிக்கும் குளம் நமக்குரியதன்று. நம் பெண்களுக்குத் தனி நேரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்; இல்லையேல் விட்டு விடுங்கள். ஆண்கள் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தே இறங்க வேண்டும். சிறு பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் விடக் கூடாது. 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட ஊர் நமது. கடலுக்கு அஞ்சத் தெரியும். அலையில்லாத குளம்தான் நம்மை ஏமாற்றும். தந்தை கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் இரண்டு நிமிடம் போதும். மூழ்கும் குழந்தை சத்தம் போடுவதில்லை.

இரவு சூழும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாது தடுத்துக் கொள்ளவும், அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவுகளை அடைக்கவும் நபியவர்கள் ஏவியுள்ளார்கள். மஃரிபு நேரத்தில் மணலில் ஓடும் பிள்ளைகளை அழைத்து வந்து, அறையிலேயே ஜமாஅத்தாகத் தொழுங்கள். பின்பு நடைவழிகளில் ஓடிக் கூச்சலிட விடாதீர்கள். நன்மை செய்யப்பட வேண்டியவர்களாகக் குர்ஆன் (4:36) எண்ணிக் கூறுவோரில் அருகிலிருக்கும் தோழரும் ஒருவர். பயணத்தில் உடனிருப்பவர் என்றும் இதற்கு விரிவுரையாளர்கள் பொருள் கூறியுள்ளனர். பக்கத்து அறைக்காரர் எம்மதத்தவராயினும் அவருடைய உறக்கத்துக்கு நாம் பொறுப்பாளிகள்.

ஊர் திரும்பும்போது பிள்ளைகளின் மனதில் கடலும் மணலும் நிற்கட்டும். அவற்றோடு, யாரும் பார்க்காத ஊரிலும் தாய் தந்தையர் அதிகாலையில் எழுந்து தங்களை ஸுப்ஹுக்கு எழுப்பிய நினைவும் நிற்கட்டும். வல்ல அல்லாஹ் நம் மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, ஊரிலும் பயணத்திலும் தன்னை அஞ்சி நடப்போராக வாழச் செய்வானாக! ஆமீன்.